லெகோ மாதிரி மகிழுந்துகளின் தொங்கல் அமைப்புப் பாதுகாப்பு

லெகோ மாதிரி மகிழுந்துகளின் தொங்கல் அமைப்புப் பாதுகாப்பு என்பது, நெகிழிக் கட்டைகளைப் பொருத்திக் கட்டப்பட்ட மாதிரி மகிழுந்துகள் நெடுங்காலம் காட்சியில் நிறுத்தி வைக்கப்படும்போது, அவற்றின் தொங்கல் அமைப்பு தன் எடையாலேயே உருத்திரியாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். பெரிய மாதிரிகளில் உண்மையான ஊர்திகளைப் போலவே இயங்கும் சுருள்வில்களும் தொங்கல் கைகளும் உள்ளன. மாதிரி அலமாரியில் அசையாமல் நிற்கும்போதும் இவ்வுறுப்புகள் இரவு பகலாக அதன் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மாதிரி தாழ்ந்து போவதும், சக்கரங்கள் சாய்வதும், அழுத்தினால் மீண்டும் எழாமல் போவதும் இதன் விளைவுகளாகும்.

சுருள்வில் தளர்ந்து விடுவதே இதற்குக் காரணம் எனப் பொதுவாக எண்ணப்படுகின்றது. ஆனால் எஃகினால் ஆன சுருள்வில் எளிதில் தளர்வதில்லை. அதைப் பிடித்திருக்கும் நெகிழி உறுப்புகளே மெல்ல மெல்ல உருமாறுகின்றன. எனவே சுருள்வில்லை மாற்றுவது தீர்வாகாது. அடிச்சட்டத்தின் கீழ் ஒரு தாங்கியை வைத்துச் சுமையைச் சக்கரங்களிலிருந்து நீக்குவதே முதன்மையான பாதுகாப்பு முறையாகும்.

சொல் விளக்கம்

ஊர்தியின் உடலுக்கும் சக்கரங்களுக்கும் இடையே இருந்து, சாலையின் மேடு பள்ளங்களால் உண்டாகும் அதிர்ச்சியை ஏற்கும் உறுப்புகளின் தொகுதி தொங்கல் அமைப்பு எனப்படும். பழுதுபார்க்கும் பட்டறைகளில் இது சஸ்பென்சன் என்றே வழங்கப்படுகின்றது. சரக்குந்துகளில் இவ்வேலையைச் செய்யும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கமான் பட்டை என அழைக்கப்படுகின்றது. கமான் என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லாகும். சுருள்வில் என்னும் தமிழ்ச் சொல்லிலும் வில்லே உள்ளது. வளைத்தால் எதிர்த்து நின்று, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் பண்பே இரண்டுக்கும் பொதுவானதாகும்.

இக்கட்டுரையில் அடிச்சட்டம் என்பது மாதிரியின் முதுகெலும்பு போன்ற கீழ்ச் சட்டகத்தையும், தொங்கல் கை என்பது சக்கரத்தை அடிச்சட்டத்துடன் கீல் போல இணைக்கும் சட்டத்தையும், முளை என்பது இரு உறுப்புகளின் துளைகளில் நுழைந்து அவற்றைப் பிணைக்கும் சிறு உருளையையும் குறிக்கும்.

வரலாறு

லெகோ நிறுவனம் 1932ஆம் ஆண்டு டென்மார்க்கில் உள்ள பில்லுண்டு என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. இன்று அறியப்படும் பொருத்து கட்டைக்கான காப்புரிமை 1958ஆம் ஆண்டு சனவரி 28 அன்று விண்ணப்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் இக்கட்டைகள் செல்லுலோசு அசிட்டேட் என்னும் நெகிழியால் செய்யப்பட்டன. அவை காலப்போக்கில் வளைந்து கோணலாகின. 1963ஆம் ஆண்டு முதல் ஏ.பி.எஸ் என்னும் உறுதியான நெகிழி பயன்படுத்தப்பட்டு வருகின்றது. நெகிழி காலத்தால் உருமாறும் என்பது இக்கட்டைகளின் வரலாற்றில் தொடக்கம் முதலே இருந்து வரும் சிக்கல் எனலாம்.

பற்சக்கரம், அச்சு, துளையிட்ட சட்டம் ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் பொறிகளைக் கட்டுவதற்கான தொகுதிகள் 1977ஆம் ஆண்டு வெளிவந்தன. இவ்வரிசை பின்னர் டெக்னிக் எனப் பெயர் பெற்றது. 1994ஆம் ஆண்டு வெளிவந்த 8880 என்னும் எண்ணுடைய மகிழுந்தில் நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம், திருப்பம், தொங்கல் ஆகிய மூன்றும் இருந்தன. 2016ஆம் ஆண்டு 2704 உறுப்புகளுடன் வெளிவந்த போர்சே 911 மாதிரியும், 2018ஆம் ஆண்டு 3599 உறுப்புகளுடன் வெளிவந்த புகாட்டி சிரோன் மாதிரியும் உண்மை ஊர்தியின் எட்டில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. 2020ஆம் ஆண்டின் லம்போர்கினி சியான் 3696 உறுப்புகளையும், 2022ஆம் ஆண்டின் பெராரி டேட்டோனா 3778 உறுப்புகளையும் கொண்டவை.

மாதிரிகள் பெரிதாகப் பெரிதாக எடையும் கூடியது. ஆனால் முளைகளும் துளைகளும் பழைய அளவிலேயே உள்ளன. முளைத் துளையின் விட்டம் 5 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவானது. அடுத்தடுத்த துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர் ஆகும். மேலும், இவ்வகைப் பெரிய மாதிரிகள் பெரும்பாலும் விளையாடுவதற்காக அல்லாமல் காட்சிக்காகவே வாங்கப்படுகின்றன. எடை மிகுதி, நிற்கும் காலமும் மிகுதி என்னும் இரண்டும் சேர்ந்ததால்தான் இச்சிக்கல் கவனத்துக்கு வந்தது.

மாதிரிகளில் தொங்கல் அமைப்பு

மாதிரியில் பயன்படும் அதிர்வேற்பி, ஒன்றனுள் ஒன்று நகரும் இரு நெகிழி உறுப்புகளையும் அவற்றைச் சுற்றிய எஃகுச் சுருள்வில்லையும் கொண்டது. உண்மை ஊர்தியின் அதிர்வேற்பியில் உள்ளது போல் இதனுள் எண்ணெய் இல்லை. எனவே இது பெயரளவில் அதிர்வேற்பியாக இருப்பினும், செயலளவில் வழிகாட்டியுடன் கூடிய ஒரு சுருள்வில்லே ஆகும். மென்மையானது, கடினமானது என இருவகைச் சுருள்வில்கள் உள்ளன.

சுமை பின்வரும் வழியே செல்கின்றது. உடலின் எடை அடிச்சட்டத்துக்கு வருகின்றது. அடிச்சட்டத்திலிருந்து அதிர்வேற்பியின் மேல் முளை வழியாகச் சுருள்வில்லுக்கும், கீழ் முளை வழியாகத் தொங்கல் கைக்கும் செல்கின்றது. தொங்கல் கையிலிருந்து சக்கரக் குடத்துக்கும், பின்னர் அச்சுக்கும், இறுதியில் டயர் வழியாக அலமாரிப் பலகைக்கும் சேர்கின்றது. இச்சங்கிலியில் சுருள்வில் ஒன்றே எஃகு. மற்றவை அனைத்தும் நெகிழி அல்லது மீள்மம் ஆகும்.

ஓடும் சுமையும் நிற்கும் சுமையும்

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இச்சாலையில் ஏறும் பேருந்தின் தொங்கல் அமைப்பின் மீதான சுமை ஒவ்வொரு வளைவிலும் மாறுகின்றது. வலப்புறம் திரும்பும்போது இடப்பக்கப் பட்டைகள் அழுந்துகின்றன. இடப்புறம் திரும்பும்போது வலப்பக்கப் பட்டைகள் அழுந்துகின்றன. சுமை பெரிதாயினும் அது விட்டு விட்டு வருகின்றது. இத்தகைய மாறும் சுமையால் உலோகத்துக்கு உண்டாகும் சேதம் அயர்வு எனப்படும்.

அலமாரியில் நிற்கும் மாதிரியின் நிலை இதற்கு நேர்மாறானது. சுமை சிறியது, ஆனால் ஒரு கணமும் நீங்குவதில்லை. இவ்வாறு நீங்காத சுமையின் கீழ் ஒரு பொருள் காலத்தோடு மெல்ல உருமாறிக்கொண்டே செல்வது ஊர்வு எனப்படும். சுமையை ஏற்றியவுடன் உண்டாகும் வளைவு, சுமையை நீக்கினால் மறைந்துவிடும். ஊர்வினால் உண்டாகும் வளைவோ முழுமையாக மறைவதில்லை.

இவ்வேறுபாட்டை வில்லாளர்கள் பழங்காலம் முதலே அறிந்திருந்தனர். கொல்லிமலையை ஆண்டவனும், கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமாகிய ஓரி, வில்லாற்றலால் வல்வில் ஓரி எனப் பெயர் பெற்றவன். மரத்தால் செய்த வில்லைப் பயன்படுத்தாத வேளையில் நாணை அவிழ்த்து வைப்பது வில்லாளர்களிடையே பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். அம்பு எய்வதால் வில் கெடுவதைக் காட்டிலும், நாணேற்றியபடியே வைத்திருப்பதால் அது விரைவில் கெடுகின்றது. மரம் வளைந்த நிலைக்கே பழகிவிடுவதே இதற்குக் காரணம். அலமாரியில் சக்கரங்களின் மீது நிற்கும் மாதிரி, நாண் அவிழ்க்கப்படாத வில்லைப் போன்றது.

கெடும் உறுப்புகள்

எஃகுச் சுருள்வில்: எஃகு தன் மீள்மை எல்லைக்குள் அழுத்தப்படும் வரை, அறை வெப்பநிலையில் அதன் ஊர்வு புறக்கணிக்கத்தக்க அளவினது. காட்சியில் நிற்கும் மாதிரியின் எடை இவ்வெல்லையைத் தாண்டுவதில்லை. ஈரத்தால் துருப்பிடித்தலே சுருள்வில்லுக்கு உள்ள பெரிய இடர் ஆகும்.

நெகிழி உறுப்புகள்: ஏ.பி.எஸ் நெகிழி நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது. இடைவிடாத விசையின் கீழ் இச்சங்கிலிகள் ஒன்றன் மீது ஒன்று மிகச் சிறிதளவு நழுவுகின்றன. இதனால் நெகிழி ஓரளவு திண்மம் போலவும், ஓரளவு மிகக் கெட்டியான பாகு போலவும் நடந்துகொள்கின்றது. இந்த உருமாற்றம் தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழும். எனவே மாதிரியைக் கட்டி முடித்த முதல் சில வாரங்களில் கவனமாக இருப்பது, பல ஆண்டுகள் கழித்துத் திருத்த முயல்வதைக் காட்டிலும் பயனுள்ளதாகும்.

முளைகளும் துளைகளும்: விசை குறுகிய பரப்பில் குவிவதால் துளை வட்ட வடிவை இழந்து சற்றே நீள்கின்றது, முளை வளைகின்றது. ஓரிடத்தில் இத்தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடிச்சட்டத்திலிருந்து சக்கரம் வரை பல இணைப்புகள் உள்ளதால், ஒவ்வொன்றிலும் உண்டாகும் சிறு தளர்ச்சி கூடிச் சக்கரத்தில் பெரிதாகத் தெரிகின்றது.

அச்சு: சக்கரம் குடத்துக்கு வெளியே நீண்டிருப்பதால் பலகையின் எதிர்விசை அச்சை மேல்நோக்கி வளைக்கின்றது. இதனால் சக்கரத்தின் மேற்புறம் உட்பக்கமாகச் சாய்கின்றது. முன்னிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் காணப்படும்.

மீள்ம உறுப்புகள்: சில மாதிரிகளில் சுருள்வில்லுக்கு மாற்றாக மீள்ம வளையங்கள் பயன்படுகின்றன. இவை இழுக்கப்பட்ட நிலையிலேயே இருந்தால் இழுவிசையை இழக்கின்றன. மேலும் காற்றிலுள்ள ஓசோனால் இயற்கை மீள்மத்தில் வெடிப்புகள் தோன்றுகின்றன. இவ்வெடிப்பு இழுக்கப்பட்ட மீள்மத்தில்தான் விரைவாக உண்டாகும்.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டாக, 3 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாதிரியைக் கொள்வோம். இதன் எடை 3 × 9.8 = 29.4 நியூட்டன். நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 7.35 நியூட்டன் விசை உண்டாகும்.

தொங்கல் கை ஒரு நெம்புகோலாகச் செயல்படுகின்றது. கீலிலிருந்து சக்கரம் 8 அலகு தொலைவிலும், அதிர்வேற்பியின் கீழ் முளை 4 அலகு தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். அதிர்வேற்பி செங்குத்தாக நின்றால் அதன் மீதான விசை 7.35 × 8 ÷ 4 = 14.7 நியூட்டன் ஆகும். தாழ்வான மகிழுந்துகளில் இடமின்மையால் அதிர்வேற்பி பெரும்பாலும் சாய்த்து வைக்கப்படுகின்றது. அது 45 பாகை சாய்ந்திருந்தால், விசை மேலும் 1.414 மடங்காகி ஏறத்தாழ 20.8 நியூட்டன் ஆகின்றது.

அதாவது, சக்கரம் தாங்குவது முக்கால் கிலோகிராம் எடையைத்தான் எனினும், அதிர்வேற்பியைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு முளையும் இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு இணையான விசையை ஏற்கின்றது. ஒரு சிறிய நெகிழி முளையில் இரண்டு கிலோ அரிசிப் பையை ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டது போன்ற நிலை இதுவாகும்.

கடினமான சுருள்வில் தீர்வாகுமா?

தாழ்ந்துபோன மாதிரிக்குக் கடினமான சுருள்வில்லைப் பொருத்துமாறு பரவலாகக் கூறப்படுவதுண்டு. இது தோற்றத்தைச் சரிசெய்யும், சுமையைக் குறைக்காது. ஊக்கின் விதிப்படி சுருள்வில்லின் சுருக்கம் விசையை அதன் கடினத்தால் வகுக்கக் கிடைப்பதாகும். கடினத்தை இருமடங்காக்கினால் சுருக்கம் பாதியாகும். ஆனால் விசையை முடிவு செய்வது மாதிரியின் எடையும் கையின் நீளமுமே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் எந்தச் சுருள்வில்லைப் பொருத்தினாலும் முளையின் மீதான விசை ஏறத்தாழ அதே 20.8 நியூட்டனாகவே இருக்கும்.

கடினமான சுருள்வில் பொருத்திய மாதிரி நிமிர்ந்து நிற்பதால் உரிமையாளர் கவலையின்றி இருந்துவிடக் கூடும். உள்ளே முளைகளும் துளைகளும் முன்போலவே ஊர்ந்துகொண்டிருக்கும். மாதிரியின் இயல்பான மென்மையும் இதனால் இழக்கப்படுகின்றது.

தொங்கல் கைக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே கட்டை வைத்து அடைப்பது மற்றொரு வழக்கமாகும். இது சுருள்வில்லின் சுமையை நீக்குகின்றது. ஆனால் சுமை கை, குடம், அச்சு வழியாகவே தொடர்ந்து செல்வதால் அவை காக்கப்படுவதில்லை.

தாங்கி அமைத்தல்

அடிச்சட்டத்தின் கீழ் கட்டைகளாலேயே ஒரு தாங்கியைக் கட்டி வைப்பது எளிதும் செலவு குறைந்ததுமான முறையாகும். இதில் கவனிக்க வேண்டியவை உயரமும் இடமும் ஆகும்.

உயரத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்.

1. மாதிரியைச் சமதளத்தில் வைத்து, மெல்ல அழுத்தி நான்கைந்து முறை விடவேண்டும். பின்னர் அடிச்சட்டத்தின் அடிப்பகுதிக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை அளக்க வேண்டும். இது சுமையேறிய உயரம்.
2. மாதிரியை மெல்லத் தூக்கி, சக்கரங்கள் தளத்தை விட்டு எழும் தறுவாயில் அதே உயரத்தை மீண்டும் அளக்க வேண்டும். இது சுமையற்ற உயரம்.
3. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமையற்ற உயரத்திலிருந்து கழித்தால் தாங்கியின் உயரம் கிடைக்கும்.

சுமையேறிய உயரம் 16 மில்லிமீட்டர், சுமையற்ற உயரம் 24 மில்லிமீட்டர் எனில், வேறுபாடு 8 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு 1.6 மில்லிமீட்டர். எனவே தாங்கி 22.4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், ஒரு தட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர் ஆதலால், இரண்டு கட்டைகளும் ஒரு தட்டும் சரியாக 22.4 மில்லிமீட்டர் ஆகின்றன. வேறு அளவுகளில் மிகச் சரியான உயரம் கிடைக்காவிடின் அதற்கு அண்மையான உயரத்தைக் கொள்ளலாம்.

இந்நிலையில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தாங்கியும், ஒரு பங்கைச் சக்கரங்களும் ஏற்கின்றன. முளையின் மீதான விசை 20.8 நியூட்டனிலிருந்து ஏறத்தாழ 4 நியூட்டனாகக் குறைகின்றது. சுருள்வில் தொடக்கத்திலேயே சற்று அழுத்தப்பட்டுப் பொருத்தப்பட்டிருந்தால் சக்கரங்களின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்நிலையில் தாங்கியைச் சற்று உயர்த்தலாம்.

சக்கரங்களை முழுவதும் அந்தரத்தில் தொங்கவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தால் சக்கரங்களும் அச்சுகளும் சுமையிலிருந்து முற்றிலும் விடுபடும். ஆனால் சுருள்வில்லில் முன்னழுத்தம் இருந்தால், அது கையைக் கீழ் எல்லையில் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். மாதிரியின் தோற்றமும் இயல்பாக இராது. டயர்கள் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருப்பதே பொருத்தமானது. இம்முறையில் சில அடி தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தாங்கி இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

இடத்தைப் பொறுத்தவரை, முன் சக்கரங்களுக்கு அண்மையில் ஒன்றும் பின் சக்கரங்களுக்கு அண்மையில் ஒன்றுமாக இரண்டு தாங்கிகள் தேவை. நடுவில் ஒரே தாங்கியை வைத்தால் அடிச்சட்டத்தின் இரு முனைகளும் கீழ்நோக்கி வளையத் தொடங்கும். தொங்கல் அமைப்பைக் காக்கப் போய் அடிச்சட்டத்தைக் கெடுத்ததாகிவிடும். தாங்கி நீண்ட முதன்மைச் சட்டங்களைத் தொட வேண்டும். பற்சக்கரப் பெட்டி, திருப்பும் தண்டு, மேல்தோற்றப் பலகைகள் ஆகியவற்றின் மீது சுமை விழக்கூடாது. தாங்கியின் மேற்பரப்பு குமிழ்கள் இல்லாத வழவழப்பான தட்டாக இருந்தால் சுமை சீராகப் பரவும்.

உண்மை ஊர்திகளுடன் ஒப்பீடு

கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உண்மையான பழைய மகிழுந்துகள் நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஓடாமல் நிற்கும் ஊர்தியை எதன் மீது நிறுத்துவது என்பது இத்துறையில் பழைய கேள்வியாகும்.

உண்மை மகிழுந்தில் எளிதில் கெடுவது டயர். ஒரே இடத்தில் அழுந்தி நிற்பதால் டயரில் தட்டையான பகுதி உண்டாகின்றது. தொங்கல் கைகள் எஃகினால் ஆனவையாதலால் அவற்றுக்கு ஊர்வு இல்லை. கீல்களில் உள்ள ரப்பர் உறைகளோ, கைகள் முழுவதும் கீழே தொங்கினால் முறுக்கப்படுகின்றன. ஆகவே நெடுங்காலம் நிறுத்தும்போது தாங்கிகளை அச்சின் கீழோ தொங்கல் கையின் கீழோ வைத்து, தொங்கல் அமைப்பை அதன் இயல்பான உயரத்திலேயே விடுவது பலரால் விரும்பப்படுகின்றது.

மாதிரியில் நிலைமை தலைகீழானது. அதன் டயருக்கு எடை மிகக் குறைவு. கீல்களில் ரப்பர் உறை இல்லை. வலுக்குறைந்த உறுப்பு கையும் முளையுமே. எனவே தாங்கி அச்சின் கீழ் அல்லாமல் அடிச்சட்டத்தின் கீழ் வைக்கப்பட வேண்டும். உண்மை ஊர்திக்கான அறிவுரையை அப்படியே மாதிரிக்குப் பின்பற்றினால் கெடக்கூடிய உறுப்பின் மீதே தாங்கி வைத்ததாக முடியும்.

சரக்குந்துக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதியில், மிகைச் சுமையால் வளைவிழந்த கமான் பட்டைகளைக் கழற்றி மீண்டும் வளைத்துத் தருவது வழக்கமான பட்டறை வேலையாகும். எஃகுப் பட்டைக்கு இத்தகைய மறுவாழ்வு உண்டு. ஊர்ந்துபோன நெகிழி உறுப்பைப் புதியதாக மாற்றுவதைத் தவிர வேறு நம்பத்தக்க வழி இல்லை. ஒரு தொகுதியின் உற்பத்தி நின்றபின் அதற்கே உரிய நிறத்திலும் வடிவிலும் உறுப்புகள் கிடைப்பது அரிதாகும்.

தட்பவெப்பத்தின் பங்கு

வெப்பம் மிகும்போது நெகிழியின் ஊர்வும் விரைவடைகின்றது. ஏ.பி.எஸ் நெகிழி ஏறத்தாழ 105 பாகை செல்சியசில்தான் முற்றிலும் இளகத் தொடங்குகின்றது எனினும், அதற்கு வெகு கீழான வெப்பநிலையிலும் ஊர்வு நிகழ்கின்றது. சேலம், நாமக்கல் போன்ற சமவெளி நகரங்களில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்கும். வெயில் படும் கண்ணாடிப் பேழையின் உள்ளே வெப்பம் வெளியில் உள்ளதைக் காட்டிலும் மிகும். ஒரே மாதிரி, ஒரே எடை, ஒரே காலம் எனினும், மேற்குச் சுவரின் சன்னலோரத்தில் உள்ளது விரைவில் தாழும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நெகிழியை மஞ்சளாக்குவதோடு நொறுங்கும் தன்மையையும் உண்டாக்குகின்றன.

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. அங்கு வெப்பம் குறைவாதலால் ஊர்வின் வேகமும் குறையும். ஆனால் மழைக்காலத்தில் பனிமூட்டமும் ஈரமும் மிகுதி. எனவே சமவெளியில் வெப்பத்தையும், மலையில் ஈரத்தையும் முதன்மையாகக் கவனிக்க வேண்டும். மூடிய பேழையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காக் களிம உருண்டைகளை வைத்து, அவற்றை அவ்வப்போது உலர்த்திப் பயன்படுத்தினால் சுருள்வில் துருப்பிடிப்பதைத் தடுக்கலாம். சுருள்வில்லுக்கு எண்ணெய் பூசுவது தவிர்க்கப்பட வேண்டும். சில எண்ணெய்கள், அழுத்தத்தில் உள்ள ஏ.பி.எஸ் நெகிழியில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன.

பிற நடைமுறைகள்

மாதம் ஒருமுறை சக்கரங்களைக் கால் சுற்றுச் சுற்றி வைப்பது டயர் ஒரே இடத்தில் அழுந்துவதைத் தவிர்க்கும். டயருக்கும் வண்ணம் பூசிய பலகைக்கும் இடையே கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தால் பலகையில் கறை படியாது. சில மென்மையான டயர்களில் உள்ள இளக்கிப் பொருள் நாளடைவில் வெளியேறி, தொட்டிருக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்வதே அக்கறைக்குக் காரணம்.

மீள்ம வளையங்கள் உள்ள மாதிரிகளில் அவற்றைக் கழற்றி, ஒளி படாத உறையில் தனியே வைப்பது நல்லது. முன் சக்கரங்களை நேராக வைத்தால் திருப்பும் உறுப்புகளின் மீது பக்கவாட்டு விசை உண்டாகாது. தூசி தட்டும்போது மாதிரியை மேலிருந்து அழுத்தாமல் மென்மையான தூரிகையைப் பயன்படுத்த வேண்டும்.

மாதிரியை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும்போது நிற்கும் சுமையோடு ஓடும் சுமையும் சேர்கின்றது. கொல்லிமலைச் சாலை போன்ற வளைவு மிகுந்த வழியில் இது பெரிதாகும். அப்போது அடிச்சட்டத்தைப் பஞ்சுப் பலகையால் தாங்கி, சக்கரங்கள் பெட்டியின் அடியைத் தொடாதவாறு வைக்க வேண்டும்.

ஊர்வைக் கண்டறிதல்

மாதிரியைக் கட்டி முடித்த அன்றே சுமையேறிய உயரத்தையும் சுமையற்ற உயரத்தையும் நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. பின்னாளில் ஒப்பிட வேறு அளவுகோல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாங்கியை எடுத்துவிட்டு மீண்டும் அளந்தால் மாற்றம் தெரியவரும்.

சுமையற்ற உயரம் மாறாமல் சுமையேறிய உயரம் மட்டும் குறைந்திருந்தால் இணைப்புகளில் தளர்ச்சி உண்டாகியிருக்கலாம். முளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் வளைந்தவை தடுமாறி உருளும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், இருபக்க அதிர்வேற்பிகளையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். தாழ்வும் உடன் இடம் மாறினால் குறை அதிர்வேற்பியில் உள்ளது. மாறாவிடின் கையிலோ முளையிலோ உள்ளது.

வரம்புகள்

எல்லா மாதிரிகளுக்கும் இப்பாதுகாப்பு தேவையில்லை. சுருள்வில் இல்லாத சிறிய மாதிரிகளில் எடை நேராக அச்சின் மீது விழுவதாலும், எடையே மிகக் குறைவாதலாலும் தாங்கி இன்றியே அவை நன்கு நிற்கும். கட்டிய சில வாரங்களில் பிரிக்கப்படும் மாதிரிகளுக்கும், அடிக்கடி எடுத்து விளையாடப்படும் மாதிரிகளுக்கும் இது பொருந்தாது. விளையாடும்போது சுமை ஏறியும் இறங்கியும் மாறுவதால் நெகிழிக்கு மீளும் நேரம் கிடைக்கின்றது. ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையும், இயங்கும் சுருள்வில்களும் கொண்டு, ஓராண்டுக்கு மேல் அசையாமல் நிற்கப்போகும் மாதிரிகளுக்கே தாங்கி பெரிதும் பயன்படும். தாங்கியின் மீது நின்ற மாதிரியை எந்நேரமும் இறக்கி ஓட்டலாம். அதன் சக்கரங்கள் முதல் நாளில் அழுந்தி எழுந்தது போலவே அழுந்தி எழும்.